உதவி தேவை: அரை மணி நேரம் ஓடியதும் அணைந்துவிடும் பழைய டிராக்டர்

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது 3 சிலிண்டர், 35 குதிரைத்திறன் கொண்ட மிகப் பழைய டிராக்டர். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ரோட்டாவேட்டரை இறக்கித் தொளியில் (சேற்று வயலில்) அரை மணி நேரம் ஓட்டியதும் இழுவை குறைந்து, விட்டுவிட்டு ஓடி அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. டீசல் பில்டர்கள் இரண்டையும் மாற்றிவிட்டேன். இன்ஜினுக்கு அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பம்பை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நடவு நெருங்கும் நேரத்தில் அந்தச் செலவு அவசியந்தானா?

பதில்:
ஐயா, அணையும்போது கரும்புகை தள்ளுகிறதா? சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது?

கேள்வி கேட்டவர்:
புகையே இல்லை. முள் நடுவில்தான் நிற்கிறது.

பதில்:
அப்படியானால் இன்ஜினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். அடுத்த முறை அணைந்தவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியிலுள்ள மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. சத்தம் வராவிட்டால், பீட் பம்புக்கு (டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் சிறு பம்ப்) வரும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் பிடியுங்கள். முதலில் நன்றாகக் கொட்டிய டீசல் போகப்போக நூலாக மெலிந்தால், டேங்க்கின் அடிவாயில் குப்பை இருக்கிறது; ஓடும்போது இழுப்பில் வந்து வாயை அடைக்கும் அந்தக் குப்பை, இன்ஜின் நின்றதும் விலகிவிடுவதால்தான் பத்து நிமிடத்தில் மறுபடி ஓடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மூடியில் சத்தம் இல்லை. டீசல் நூலாகத்தான் வந்தது. டேங்க்கை இறக்கிக் கவிழ்த்ததில், துருத்தூளுடன் சுண்டுவிரல் நகமளவு ரப்பர் துண்டு ஒன்று விழுந்தது. பழைய மூடியின் வாஷர் டீசலில் ஊறிப் பிய்ந்தது அது. ஆனால் இப்போது ஹேண்ட் பம்பை எவ்வளவு அடித்தாலும் பில்டரின் ஏர் ஸ்குரூவில் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு) நுரை நிற்கவில்லை.

பதில்:
கழற்றிய இடத்தில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருப்பீர்கள். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது; அதன் வழியே காற்று புகும். புதியது போட்டு, நுரையில்லாமல் டீசல் வரும்வரை அடித்து, ஹேண்ட் பம்ப் ஓடும்போதே ஸ்குரூவை முடுக்குங்கள். நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) நட்டுகளைத் தளர்த்தி ஏர் எடுக்க நேர்ந்தால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
வாஷரை மாற்றியதும் நுரை நின்றுவிட்டது. இன்று மதியம் மூன்று மணி நேரம் தொடர்ந்து தொளி உழுதேன்.