செயற்குழு மினிட்ஸில் எவ்வளவு எழுத வேண்டும்?

புதுச்செயலாளர்
வணக்கம். எங்கள் மாவட்டக் கட்டடப் பொறியாளர் சங்கம் 1975-ஆம் வருட தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. போன தேர்தலில் என்னைச் செயலாளராக்கி மினிட் புக்கை, அதாவது கூட்ட முடிவுகளைப் பதியும் புத்தகத்தை, கையில் கொடுத்துவிட்டார்கள். ஆறரைக்குக் கூட்டம் என்றால் ஏழேகாலுக்குத்தான் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேரும், அப்புறம் பத்து மணி வரை பேச்சு. யார் என்ன பேசினார் என்று விடாமல் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசித்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை", "நான் எதிர்த்தேனே, அது எங்கே" என்று அதிலேயே முக்கால் மணி நேரம் போகிறது. பழைய புத்தகமோ நேர் எதிர். "விவாதித்து ஏற்கப்பட்டது" என்று ஒரே வரி, கையெழுத்துகளுக்கு மேலே அரைப் பக்கம் காலி. வங்கியில் கையொப்பதாரரை மாற்ற அந்தத் தீர்மான நகலைக் கொண்டுபோனால், யாருக்கு என்ன அதிகாரம் என்றே இதில் இல்லையே என்று திருப்பிவிட்டார்கள். எவ்வளவுதான் எழுதுவது? டைப் செய்து ஒட்டலாமா? வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் போட்டால் அது தீர்மானமாகுமா?

முன்னாள்_பொருளாளர்
பேச்சை எழுதாதீர்கள் சார், முடிவை எழுதுங்கள். ஒவ்வொரு பொருளும் முடிந்தவுடன் "தீர்மானம் இப்படி எழுதுகிறேன்" என்று அங்கேயே சத்தமாக வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். வங்கிக்கு என்றால் இந்த மாதிரி: "சங்கத்தின் சேமிப்புக் கணக்கைப் பொருளாளரும், தலைவர் அல்லது செயலாளரில் ஒருவரும் கூட்டாகக் கையொப்பமிட்டு இயக்குவது என்றும், முன்பு இருந்த கையொப்பதாரர்களின் அதிகாரம் இன்றுடன் முடிகிறது என்றும் தீர்மானிக்கப்பட்டது." பதவியோடு ஆளின் பெயரும் வேண்டும், முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரும் வேண்டும். செலவு என்றால் தொகை, எந்தத் தலைப்பில், யார் பொறுப்பு. எதிர்த்தவர் பதிவு செய்யச் சொன்னால் அவர் பெயரும் காரணமும் ஒரு வரியில் போதும்.

இன்னொன்று, அஜெண்டாவின் கடைசியில் "தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்" என்று போடுகிறோமே, வில்லங்கமெல்லாம் அதில்தான் வரும். பாதிப் பேர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, ஒன்பதே முக்காலுக்கு ஒருவர் எழுந்து குடும்ப விழாவுக்கு மண்டபம் பிடிக்க முன்பணம் கேட்பார். பணம் சம்பந்தப்பட்ட எதையும் அந்தத் தலைப்பில் எடுக்காதீர்கள், அடுத்த கூட்ட அஜெண்டாவில் சேர்த்துவிடுங்கள்.

ஆடிட்டர்_ஆபீஸ்
கம்பெனிகளுக்கு இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 118-ஆம் பிரிவுப்படி கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். கம்பெனி செக்ரட்டரிகளுக்கான இந்திய அமைப்பு (ICSI) வகுத்த எஸ்எஸ்-1 என்ற கூட்ட நடைமுறை விதிப்படி 15 நாளுக்குள் வரைவை எல்லோருக்கும் அனுப்பி, கருத்துச் சொல்ல 7 நாள் தர வேண்டும். ஒட்டக் கூடாது என்பதும் அதில்தான் வருகிறது. உங்கள் சங்கத்தை இது கட்டுப்படுத்தாது, ஆனாலும் பின்பற்றினால் நல்லது. தனித்தாளில் டைப் செய்யுங்கள், வரிசையாகப் பக்க எண், ஒவ்வொரு பக்கத்திலும் தலைவரின் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் தேதியுடன் முழுக் கையெழுத்து, வருடக் கடைசியில் பைண்டிங்.

வாட்ஸ்அப் கட்டைவிரல் தீர்மானமாகாது. சுற்றறிக்கை மூலம் முடிவெடுக்கலாம் என்று உங்கள் பைலாவில் (சங்கத்தின் துணைவிதிகளில்) இருந்தால் மட்டும் அந்த வழியில் போகலாம், இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் வைத்து முறைப்படி நிறைவேற்றுங்கள். பைலா திருத்தம் செயற்குழு வேலையே இல்லை. பொதுக்குழுவில் 21 நாள் முன்னறிவிப்போடு சிறப்புத் தீர்மானம், வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரவு வேண்டும். நிர்வாகிகள் மாறியதற்குப் பதிவாளரிடம் படிவம் 7 கொடுத்தாயிற்றா? அதில் உள்ள தேதியும் மினிட்ஸில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்கம் இரண்டு கோஷ்டியானால் வக்கீல் முதலில் புரட்டுவது அந்த இரண்டையும்தான்.

கோரம்_கணேசன்
வருகைப் பதிவில் வந்த நேரம், போன நேரம் இரண்டுக்கும் கட்டம் போடுங்கள். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு நழுவுகிறவர்களை வைத்துக் கோரம் கணக்குக் காட்டினால் நாளைக்குச் சிக்கல். போன கூட்ட மினிட்ஸை வாசிக்கும்போது "எழுதியது சரியா" என்று மட்டும் கேளுங்கள். "எடுத்த முடிவு சரியா" என்று யாராவது ஆரம்பித்தால், அதற்குத் தனி அஜெண்டா கொடுங்கள் என்று உட்கார வைத்துவிடலாம்.

புதுச்செயலாளர்
ரொம்ப நன்றி. படிவம் 7 கொடுத்தாயிற்று, தேதியைச் சரிபார்க்கிறேன். அந்தக் காலி அரைப் பக்கத்தை என்ன செய்வது? பழைய நிர்வாகி ஒருவர் "அதில் ரெண்டு வரி விட்டுப்போச்சு, புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்க" என்கிறார்.

ஆடிட்டர்_ஆபீஸ்
கொடுக்காதீர்கள்! குறுக்கே கோடு போட்டு, நீங்களும் இப்போதைய தலைவரும் இன்றைய தேதியோடு கையெழுத்துப் போடுங்கள், பழைய தேதி வேண்டாம். அவருக்கு ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் கடிதமாகத் தரட்டும், அடுத்த கூட்டத்தில் வையுங்கள். புத்தகம் ஆபீஸ் பீரோவிலேயே இருக்கட்டும்.