தம்பிக்கு டெண்டர், அண்ணன் அறைக்கு வெளியே: இது போதுமா?

வெண்பலகை:
ஒரு சாலை ஒப்பந்தம் உள்ளாட்சி மன்றக் கூட்டத்துக்கு வருகிறது. டெண்டர் போட்டவர்களில் ஒருவர் ஓர் உறுப்பினரின் தம்பி. உறுப்பினர் எழுந்து அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறார். மற்றவர்கள் வாக்களிக்கிறார்கள், தம்பிக்கே கிடைக்கிறது. விலையும் அவருடையதுதான் குறைவு. இதில் என்ன தப்பு? எதையும் மறைக்கவில்லை, வாக்களிக்கவும் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன எதிர்பார்ப்பது?

ஆறாம் வார்டு:
நிறைய எதிர்பார்க்கலாம். கூட்டத்தில் கை தூக்கும் நேரத்திலா எல்லாம் முடிவாகிறது? "இத்தனை வருட அனுபவம் வேண்டும், இன்ன இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும்" என்று டெண்டர் நிபந்தனையில் இரண்டு வரி சேர்த்த அன்றைக்கே யாருக்குக் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். அன்று அண்ணன் எங்கே இருந்தார்? போட்டிக்கு வரக்கூடியவர்களை நிபந்தனையிலேயே கழித்துவிட்டால், மிச்சம் இருப்பவரின் விலை குறைவாகத்தான் தெரியும்.

கலிபோர்னியாவின் அரசாங்கச் சட்டத் தொகுப்பில் 1090-ஆம் பிரிவைப் பாருங்கள். மன்ற உறுப்பினருக்கு ஓர் ஒப்பந்தத்தில் பண ஆதாயம் இருந்தால், அவர் ஒதுங்கிக்கொண்டாலும் அந்த மன்றம் ஒப்பந்தம் போட முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி மீறிப் போட்டால் ஒப்பந்தமே செல்லாது.

வெண்பலகை:
அது உறுப்பினரின் சொந்த ஆதாயத்துக்கு. நான் கேட்டது தம்பியின் ஆதாயம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள்.

சுண்டெலி:
பினாமி என்ற ஒரு சொல் இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள் போல.

ஆறாம் வார்டு:
சுண்டெலி சொன்னதுதான் விஷயம். இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, உறுப்பினர் பதவியேற்ற 28 நாட்களுக்குள் தன் பண ஆதாயங்களைப் பதிவு செய்ய வேண்டும். தெரிந்தே மறைத்தால் கிரிமினல் குற்றம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டாயப் பட்டியலில் உறுப்பினரும் அவருடைய கணவன், மனைவி அல்லது சேர்ந்து வாழும் துணையும்தான் வருகிறார்கள். தம்பி வரமாட்டார், மகனும் வரமாட்டான். இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும்போது, வெளியே போய் நின்றதை ஒரு சாதனையாகச் சொல்கிறீர்கள்.

பழைய ஃபைல்:
உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சின்ன ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை? ஒருவர் மாமன், ஒருவர் மச்சான், இன்னொருவர் கடன் கொடுத்தவர். எல்லோரையும் வெளியே அனுப்பினால் கூட்டம் நடத்த ஆள் இருக்காது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆதாயம் உள்ளவர்கள் விலகியதால் கோரம், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை, குறைந்தால், மிச்சம் இருப்பவர்களே கோரம், இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். ஓர் ஊரின் முடிவை இரண்டு பேர் எடுப்பது நல்லதா என்று யோசியுங்கள். எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது.

கடுமையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாகாணத்தின் டொராண்டோ நகரமே உதாரணம். ராப் ஃபோர்டு மேயராவதற்கு முன், மன்ற உறுப்பினராக இருந்தபோது, தன் கால்பந்து அறக்கட்டளைக்கு மன்றத்தின் லெட்டர்ஹெட்டில் நன்கொடை கேட்டார். லாபியிஸ்ட்டுகள் (மன்ற முடிவுகளைச் சாதகமாக்கப் பிறருக்காகப் பேசுபவர்கள்) முதலியோர் கொடுத்த 3,150 டாலரைத் திருப்பிக் கொடுக்கும்படி 2010-இல் மன்றம் சொன்னது. அவர் கொடுக்கவில்லை. 2012 பிப்ரவரியில், மேயராக இருந்தபோது, அந்த முடிவை ரத்து செய்யும் தீர்மானத்தில் பேசினார், வாக்களிக்கவும் செய்தார். அந்த ஆண்டு நவம்பரில் நீதிபதி அவரைப் பதவியிலிருந்து நீக்க உத்தரவிட்டார். பணம் அவர் பாக்கெட்டுக்குப் போகவே இல்லை. ஆனால் அன்றைய சட்டத்தில் அதற்கு ஒரே தண்டனை, பதவி காலி.

ஆறாம் வார்டு:
மீதிக் கதையையும் சொல்லுங்கள் சார். 2013 ஜனவரியில் மேல்முறையீட்டில் அவர் பதவி தப்பியது. ஏன்? பணத்தைத் திருப்பிக் கேட்க மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னதால். அவர் நடந்துகொண்டது சரி என்பதற்காக இல்லை. அன்று பேசாமல் எழுந்து வெளியே போயிருந்தால் வழக்கே வந்திருக்காது. பின்னால் அந்த மாகாணம் சட்டத்தைத் திருத்தியது. கண்டனம், 90 நாள் வரை சம்பளம் நிறுத்தம் என்று இப்போது படிப்படியாகத் தண்டனை உண்டு. ஆகவே கடுமை என்றால் தலையை வெட்டுவது மட்டும்தான் என்று பயமுறுத்த வேண்டாம்.

வெண்பலகை:
நன்றி, என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெளியே போயிருந்தால் வழக்கே இல்லை! நான் சொன்ன உறுப்பினர் வெளியேதான் போனார்.

ஆறாம் வார்டு:
வழக்கு இல்லை என்பது ஒன்று, நியாயம் என்பது வேறு. அதே ஒன்டாரியோ சட்டம் வாக்களிப்பைத் தடுப்பதோடு நிற்கவில்லை. கூட்டத்துக்கு முன்பும், கூட்டத்திலும், அதற்குப் பிறகும் வாக்கைத் தன் பக்கம் திருப்ப எந்த வகையிலும் முயலக் கூடாது என்கிறது. அதாவது வாசல் தாண்டிப் போவது அதில் ஒரு சின்னப் பகுதி.

இன்னொன்று. 1923-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் நடந்த ஒரு வழக்கு. சாலை விபத்தில் ஒருவருக்குத் தண்டனை. அவருக்கு எதிராக நஷ்டஈடு கேட்ட தரப்பின் வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர், அன்று நீதிபதிகளின் எழுத்தராக இருந்தார். நீதிபதிகள் ஆலோசிக்க உள்ளே போனபோது அவரும் கூடப் போனார். உள்ளே வாயே திறக்கவில்லை. இருந்தும் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பார்ப்பவருக்குச் சந்தேகம் வருகிறதே, அது போதும் என்றது.

வெண்பலகை:
அவர் அறைக்குள் இருந்தார். என் ஆள் இல்லை. ஆமாம், மறுபடியும் அதையேதான் சொல்கிறேன்.

சுண்டெலி:
உள்ளே இருக்கும் மற்ற உறுப்பினர்களின் டெண்டர் அடுத்த மாதம் வரும். அப்போது இவர் உள்ளே இருப்பார், அவர்கள் வெளியே நிற்பார்கள். முறை வைத்து மாறி மாறி வெளியே போவதற்குப் பெயர் நேர்மையா?

பழைய ஃபைல்:
இது நடக்கக்கூடியதுதான், சட்டத்தால் பிடிப்பதும் கஷ்டம். அதனால்தான் சொந்தக்காரனை ஒதுக்குவதை விட, தேதியைப் பார்க்கச் சொல்கிறேன். தம்பி டெண்டர் போடுகிறார் என்று எப்போது சொன்னார்? கூட்டத்தன்று சொல்வதில் பாதி பயன் போய்விடும். வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் கட்டத்திலேயே எழுத்தில் கொடுத்து, அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, நிபந்தனை எழுதும் குழுவில் அவர் இல்லை என்பதும் பதிவாக வேண்டும். அப்புறம் தம்பி குறைந்த விலைக்கு எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்.

ஆறாம் வார்டு:
பாதி ஒத்துக்கொள்கிறேன். நிபந்தனையை உறுப்பினர்கள் யாருமே எழுதக் கூடாது, வெளிக்குழு எழுத வேண்டும். வேலை முடிந்ததும் அளவு பார்த்து பில் பாஸ் செய்வதும் அந்தக் குழுவாகவே இருக்க வேண்டும். கமிஷன் அங்கேதான் போகும், டெண்டரில் இல்லை.

வெண்பலகை:
அந்த வெளிக்குழுவை யார் நியமிப்பார்கள், இதே மன்றம்தானே?