வெளிநாட்டுக் குழாய்த் தண்ணீர்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க கேட்டதும் சொன்னதும்

பாலக்கோடு, அடுத்த மாதம் லண்டன் பக்கம் குடிபோகிறோம்

வணக்கம்ங்க. அங்கே குழாயில வர்றதை அப்படியே குடிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், காய்ச்சாம தொடாதேன்னு இன்னொருத்தர். வீட்டுல இருக்கிற ஆர்.ஓ. மெஷினைக் கழற்றி எடுத்துட்டு வரலாமா? ஏழு மாசக் குழந்தை இருக்கு. வழியில ஃபிளைட்டுல என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

பென்னாகரம், இப்போ இங்கிலாந்து, குடிநீர்ப் பரிசோதனை வேலை

ஆர்.ஓ. மெஷின் வேண்டாம்மா. நம்ம ஊரில் அது எதற்காக வந்தது என்று முதலில் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறையிலிருந்து போர்வெல் தண்ணீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு கரைந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நம்ம பக்கம் பல போர்வெல் இதைத் தாண்டும். ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, காவிரித் தண்ணீரை 2013 முதல் கொண்டுவந்ததே இதற்காகத்தான். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகும், அது பாத்திரத்திலேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும். அதனால்தான் ஆர்.ஓ. தேவைப்பட்டது. லண்டன் குழாயில் அந்தப் பிரச்சினை இல்லை.

இங்கிலாந்தில் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியே வரும் தண்ணீர் நம்பிக் குடிக்கிற தரம். கவனிக்க வேண்டியது உங்கள் வீட்டுக்குள் வரும் கடைசிச் சில மீட்டர் குழாய். 1970-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயக்குழாய் இருக்கலாம். அடுப்படி சிங்க்குக்குக் கீழேயோ, மாடிப்படிக்கு அடியிலோ தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் குழாயைப் பாருங்கள். மங்கின சாம்பல் நிறமாக, வால்வு பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்தால் ஒரு காசால் லேசாகச் சுரண்டுங்கள். மெத்தென்று சுரண்டுப்பட்டு உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்தால் ஈயம். காந்தம் ஒட்டாது. செம்பு ஆரஞ்சு நிறம், இரும்பில் காந்தம் ஒட்டும், பிளாஸ்டிக் நீலமோ கறுப்போ இருக்கும்.

ஈயம் என்று தெரிந்தால் தண்ணீர் கம்பெனிக்குப் போன் போட்டுப் பரிசோதனை கேளுங்கள். பல கம்பெனிகள் காசு வாங்காமல் செய்கின்றன. குழாய் மாறும் வரை, காலையில் முதல் தண்ணீரை ஒரு சிங்க் அளவு பிடித்துச் செடிக்கோ பாத்திரம் கழுவவோ வைத்துக்கொண்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில்தான் ஈயம் ஊறியிருக்கும். காய்ச்சினால் ஈயமும் போகாது.

இன்னொன்று, குடிக்கவும் சமைக்கவும் அடுப்படியின் குளிர்நீர்க் குழாய் மட்டும். பழைய வீடுகளில் பாத்ரூம் குழாய்க்குப் பரணில் உள்ள தொட்டியிலிருந்து தண்ணீர் வரும். அந்தத் தொட்டியில் தூசும் பூச்சியும் விழலாம். சுடுநீர்க் குழாயில் வருவதை டீக்கோ சோறு வைக்கவோ எடுக்காதீர்கள். சூடு உலோகத்தை வேகமாகக் கரைக்கும். அவசரத்துக்கு அதில் பிடிக்கிற பழக்கம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது, முதல் நாளிலிருந்தே தவிர்த்துவிடுங்கள்.

ஃபிளைட்டில் டாய்லெட் குழாய்த் தண்ணீரை வாய் கொப்பளிக்கக்கூட எடுக்க வேண்டாம். டீ, காபிக்கும் விமானத்துத் தொட்டித் தண்ணீர்தான் வரும். சீல் உடைக்காத பாட்டில் கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சிய நீரும் பாலும் 100 மில்லி கட்டுப்பாட்டுக்கு விலக்கு. பயணத்துக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, செக்யூரிட்டியில் தனியே எடுத்துக் காட்டுங்கள். உங்களுக்குக் காலி பாட்டில் போதும், செக்யூரிட்டி தாண்டிக் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

அரூர், இப்போ ஜெர்மனி

லண்டன் பக்கம் போவதால் கடினநீர் பற்றிச் சேர்த்துச் சொல்கிறேன். தென்கிழக்கு இங்கிலாந்து சுண்ணாம்புப் பாறை நிலம். கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு, டீ மேல் எண்ணெய் மாதிரிப் படலம், தலை கழுவினால் முடி விறைப்பு எல்லாம் வரும். இது கால்சியம், மெக்னீசியம். உடம்புக்குக் கெடுதல் இல்லை. வெள்ளையாக எது படிந்தாலும் ஃபுளோரைடு என்று நம்ம ஆட்கள் பயப்படுகிறார்கள். ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது, ருசியும் கிடையாது.

பெரிய தொந்தரவு சமையலில்தான். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கும். தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுவதுதான் காரணம். பருப்பை நல்லா ஊறவைத்து, ஃபில்டர் ஜக்கில் வடித்த தண்ணீரில் வேகவையுங்கள். உப்பும் புளியும் பருப்பு மலர்ந்த பிறகு. டீக்கும் அந்தத் தண்ணீரே நல்லது.

ஃபில்டர் ஜக் வாங்கினால் கார்ட்ரிட்ஜை டப்பாவில் போட்டிருக்கிற கணக்குக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் 100 முதல் 150 லிட்டர் அல்லது நாலு வாரம். பழைய கார்ட்ரிட்ஜில் கிருமி வளரும். வடித்த தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஜக் கிருமியைக் கொல்லாது, இதை மறக்காதீர்கள்.

கெட்டிலுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 25, 30 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் விட்டுக் கொட்டி, வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள். ப்ளீச்சோடு மட்டும் எந்தப் புளிப்பையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

ஜெர்மனி வருபவர்களுக்கு: இங்கே கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில் சொல்வார்கள். 8.4-க்குக் கீழே மென்மை, 14-க்கு மேலே கடினம். டிஷ்வாஷரில் உப்பு எவ்வளவு என்று செட் செய்ய இந்த எண் வேண்டும், தண்ணீர் வாரியத்தின் வெப்சைட்டில் இருக்கும். பழைய ஈயக்குழாய்களை 2026 ஜனவரி 12-க்குள் எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். பழைய கட்டடமானால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். ரயிலிலும் பூங்கா ஊற்றிலும் ‘கைன் டிரிங்க்வாஸர்’ என்று போட்டிருந்தால் குடிக்கக்கூடாது. பிரான்சில் ‘ஓ நோன் பொத்தாப்ல்’, இத்தாலியில் ‘அக்வா நோன் பொத்தாபிலே’. குழாயில் பிடிக்கும் முன் பார்க்க வேண்டிய பலகை இதுதான்.

காவேரிப்பட்டினம், இப்போ துபாய்

வளைகுடா வருபவர்களுக்கு. குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரை உப்பு நீக்கிய தண்ணீர். வாரியம் அனுப்பும்போது சுத்தம். கெடுவது கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டியில். வெயிலில் தொட்டி சூடேறிக் குளோரின் குறைந்துவிடும், மூடி சரியில்லை என்றால் மண்ணும் விழும். அறை எடுக்கும்போது வாட்ச்மேனிடம் தொட்டி கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவியிருக்க வேண்டும். பதில் இல்லை என்றால் குடிக்க அஞ்சு கேலன் கேன், குளிக்கத் துவைக்கக் குழாய். அஞ்சு கேலன் என்பது சுமார் 19 லிட்டர், நம்ம ஊர்க் கேன் அளவுதான். கேனை வெயில் படும் பால்கனியில் அடுக்காதீர்கள். கேனைக் கவிழ்க்கும் டிஸ்பென்சரையும் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், பாதிப் பேர் அதைச் செய்வதே இல்லை.

ஓசூர், இப்போ அமெரிக்கா

இங்கே ஊர்த் தண்ணீரா, வீட்டுக்குச் சொந்தக் கிணறா என்று முதலில் கேளுங்கள். ஊர்த் தண்ணீர் என்றால் வருஷா வருஷம் ஜூலை 1-க்குள் தர அறிக்கை தரணும், நெட்டில் கிடைக்கும். சொந்தக் கிணற்றை மத்திய அரசு கண்காணிப்பதே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட் உப்பும் இருக்கா என்று நாமேதான் பரிசோதிக்கணும். ரிப்போர்ட்டில் நைட்ரஜன் கணக்கில் (as N) போட்ட நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

ஈயக்குழாய் போடுவதை 1986-ல் தடை செய்தார்கள். ஆனால் 2014 வரை பித்தளைக் குழாயில் 8 சதவீதம் வரை ஈயம் இருக்க அனுமதி இருந்தது. பழைய அபார்ட்மென்ட் என்றால் என்.எஸ்.எஃப். 53 என்ற தரச்சான்று முத்திரையும், அதில் ஈயம் என்று தனியாகக் குறிப்பிட்டதும் உள்ள ஃபில்டர் வாங்குங்கள். 42 என்று மட்டும் இருந்தால் வாசனைக்கும் ருசிக்கும்தான். குளோரின் வாடை வந்தால் ஜக்கில் பிடித்து ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையிலும் போகவில்லை என்றால் அது குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின், கார்பன் ஃபில்டர் வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவரும் 230 வோல்ட் ஆர்.ஓ. இங்கே 120 வோல்ட்டில் ஓடாமல் போகலாம், குழாய் மரையும் சேராமல் போகலாம்.

புயல், குழாய் உடைப்பு சமயத்தில் ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்று போனுக்கு அறிவிப்பு வரும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலான மலை ஊரில் மூன்று நிமிடம். பல் தேய்க்கவும் அந்தத் தண்ணீரே. அறிவிப்புக்கு முன் பிடித்த ஐஸ்கட்டியைக் கொட்டிவிடுங்கள்.

பாலக்கோடு

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். சில நாட்டுல வேணும்னே ஃபுளோரைடு கலக்குறாங்களாமே? நம்ம ஊர்ல பல்லெல்லாம் பழுப்பாப் போனதைப் பார்த்துட்டு அதைக் குழந்தைக்கு எப்படிக் கொடுக்கிறது? பால்பொடி கலக்கிற முறையும் சொல்லுங்கண்ணா.

பென்னாகரம், இங்கிலாந்து

நியாயமான பயம்மா. ஆனால் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் பரிந்துரை லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். சிங்கப்பூர், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி, இங்கிலாந்தில் பர்மிங்காம் போன்ற சில பகுதிகளிலும் சேர்க்கிறார்கள். லண்டனில் சேர்ப்பதில்லை. எலும்பைத் தாக்கும் பாதிப்பு 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் வருவது. பல் பழுப்பு, எனாமல் உருவாகும் சுமார் எட்டு வயது வரை அதிகம் உள்ளே போனால் வருவது. உங்கள் பல்லில் ஏற்கெனவே உள்ள கறை வெளிநாட்டுத் தண்ணீரால் அதிகமாகாது. அமெரிக்காவில் யூட்டா, ஃபுளோரிடா மாநிலங்கள் 2025-ல் கலப்பதை நிறுத்திவிட்டன. ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் ஊரின் எண்ணைப் பாருங்கள். குழந்தைக்குத் தண்ணீரைவிட டூத்பேஸ்ட்டைக் கவனிக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசியளவு, ஆறு வரை பட்டாணியளவு. விழுங்கவிடாதீர்கள்.

பால்பொடிக்கு: குளிர்நீர்க் குழாயில் புதிதாகப் பிடித்து, குறைந்தது ஒரு லிட்டர் காய்ச்சுங்கள். 30 நிமிடத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பொடியைக் கலக்கணும். பொடியே கிருமியற்றது இல்லை, அந்தச் சூடுதான் அதிலுள்ள கிருமியைக் கொல்லும். கலக்கின பிறகு பாட்டிலைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். ஒருமுறை காய்ச்சி ஆறினதையே திரும்பக் காய்ச்ச வேண்டாம். வீட்டில் தண்ணீர் மென்மையாக்கும் கருவி இருந்தால் அந்தத் தண்ணீர் குழந்தைக்கு ஆகாது, சோடியம் கூடுதல். பாட்டில் தண்ணீர் எடுக்க நேர்ந்தால் லேபிளில் சோடியம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கும், சல்ஃபேட் 250-க்கும் கீழே இருக்கணும். அதையும் காய்ச்சித்தான் கொடுக்கணும்.

தேன்கனிக்கோட்டை, நர்ஸ்

திரும்பி லீவுக்கு ஊருக்கு வரும்போதும் இதே கவனம் வேண்டும், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கத்திய கிருமி பழக்கமில்லை. ஒகேனக்கல் தண்ணீராக இருந்தால் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு மூடி வையுங்கள். போர்வெல் என்றால் காய்ச்சினது மட்டும் போதாது, ஆர்.ஓ. தண்ணீர் கொடுங்கள். பானையில் டம்ளர் விட்டு மொள்ள வேண்டாம், குழாய் வைத்த பானை வாங்குங்கள். கைபட்ட ஐஸ், சாலையோர ஜூஸ், தண்ணீர் சேர்த்த சட்னி, இவை மூன்றில்தான் பெரும்பாலும் வயிறு கெடுகிறது. செம்புக்குடத் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அதில் மோரோ எலுமிச்சை ஜூஸோ ஊற்றி வைக்காதீர்கள், செம்பு அதிகமாக இறங்கும்.

பேதி ஆனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கு, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.