மின்சுற்று வரைபடங்களைக் கணினியில் வரையத் தொடங்குபவர் எந்த மென்பொருளில் தொடங்க வேண்டும்?

தண்டையார்பேட்டை_வயரிங் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மின்னியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, மாதவரத்தில் மின் கட்டுப்பாட்டுப் பேனல்கள் செய்யும் சிறிய பட்டறையில் வயரிங் வேலை செய்து வருகிறேன். எங்கள் முதலாளி இன்றுவரை எல்லா வரைபடங்களையும் பென்சிலால் தாளில் வரைந்துதான் எங்களிடம் கொடுக்கிறார். அண்மையில் மணலியில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த ஆர்டரில், பேனலுடன் சேர்த்து வரைபடத்தை பி.டி.எஃப். ஆகவும், ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளின் டி.டபிள்யூ.ஜி. கோப்பாகவும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பட்டறையில் கணினி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது, முதலில் ஆட்டோகேட் முழுவதையும் படித்துவிட்டு அதன் பிறகுதான் மின்சுற்றுக்கான பிரிவுக்கு வர முடியும் என்றார்கள். கட்டணமும் என் கைக்கு எட்டவில்லை. நண்பர் ஒருவர் கிகேட் என்ற மென்பொருள் இலவசம், அதுவே போதும் என்கிறார். என்னிடம் 8 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி இருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர், பம்ப் பேனல், சிறிய பி.எல்.சி. (நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி) பேனல் ஆகியவற்றை வரையும் அளவுக்குத் தேற, நான் எதில், எப்படித் தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாதவரம்_பேனல் எழுதியது:

தம்பி, முதலில் கிகேட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் ஜான் பியர் ஷாரா என்பவர் தொடங்கிய, பின்னர் செர்ன் ஆய்வகத்தின் ஆதரவும் கிடைத்த மிக நல்ல மென்பொருள் அது. ஆனால் அது மின்னணுச் சுற்றுப் பலகை வடிவமைப்பதற்காக உருவானது. அதில் ரிலே, கான்டாக்டர் போன்ற மின்காந்தச் சுவிட்சுகளை வரைய முடியாது என்றில்லை. ஆனால் நமக்கு வேண்டிய டெர்மினல் (கம்பி இணைப்பு முனை) பட்டியல், ஃபெரூல் (கம்பி முனையில் மாட்டும் எண் வளையம்) எண், எந்தக் கான்டாக்ட் (சுவிட்சின் தொடுமுனை) எந்தத் தாளில் இருக்கிறது என்ற குறிப்பு ஆகியவை அதன் நோக்கத்தில் இல்லை.

உங்கள் தேவைக்கு க்யூஎலெக்ட்ரோடெக் என்ற மென்பொருளில் தொடங்குங்கள். அது கட்டற்ற மென்பொருள் என்பதால் வணிகப் பணிக்குப் பயன்படுத்தவும் கட்டணம் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். உங்கள் மடிக்கணினி அதற்குத் தாராளம். மின்குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60617-ஐ ஒட்டிய குறியீடுகள் அதன் நூலகத்திலேயே இருப்பதால், கான்டாக்டரையும், மிகை மின்னோட்டத்திலிருந்து மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலேயையும் நீங்களே கோடு கோடாக வரைய வேண்டியதில்லை.

சாதாரண வரைவு மென்பொருளுக்கும் மின்சுற்று வரைவு மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். முன்னதில் கோடு என்பது வெறும் கோடு. கே1 என்பது வெறும் எழுத்து. பின்னதில் கே1 என்ற காயில் (கான்டாக்டரை இயக்கும் மின்காந்தச் சுருள்) குடும்பத் தலைவர் என்றால், அதன் கான்டாக்டுகள் எத்தனை தாள்களில் சிதறிக் கிடந்தாலும் அதே குடும்ப அட்டையில் பெயர் உள்ள உறுப்பினர்கள். காயிலின் பெயரை கே5 என்று மாற்றினால் கான்டாக்டுகளின் பெயரும் தானாக மாறும். காயிலுக்குக் கீழே எந்தக் கான்டாக்ட் எந்தத் தாளில் இருக்கிறது என்பதும் தானாக எழுதப்படும். கம்பியும் அப்படித்தான்: ஒரே மின்னழுத்தப் புள்ளியில் சேரும் கம்பிகள் எல்லாம் ஒரே எண்ணைப் பெறும். இந்தத் தொடர்புகளை உருவாக்கத் தெரிந்துகொள்வதுதான் படிப்பு. கட்டளைகளை மனப்பாடம் செய்வது அன்று.

ஆகவே மென்பொருளைத் திறந்தவுடன் பத்துப் பக்க பி.எல்.சி. பேனலில் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டரை (மோட்டாரை நேரடியாக முழு மின்னழுத்தத்தில் தொடக்குவது) எடுத்துக்கொண்டு கடைசி ஃபெரூல் வரை முடியுங்கள். முதல் தாளில் பவர் சுற்று: எம்.சி.சி.பி. (பெரிய தானியங்கி மின்துண்டிப்பான்), கான்டாக்டரின் மூன்று முதன்மைக் கான்டாக்டுகள், ஓவர்லோடு ரிலே, மோட்டார். இரண்டாம் தாளில் கன்ட்ரோல் சுற்று: கன்ட்ரோல் சுற்றின் சிறிய மின்துண்டிப்பானான எம்.சி.பி.யிலிருந்து புறப்படும் 1-ஆம் எண் கம்பி ஓவர்லோடு ரிலேயின் 95-ஆம் முனையில் சேர்கிறது, 96-ஆம் முனையிலிருந்து 2-ஆம் எண் கம்பி ஸ்டாப் பட்டனுக்குப் போகிறது, ஸ்டாப் பட்டனின் மறுமுனையும், ஸ்டார்ட் பட்டனின் 13-உம், கே1-இன் 13-உம் சேருமிடம் 3-ஆம் எண் கம்பி, ஸ்டார்ட் பட்டனின் 14, கே1-இன் 14, காயிலின் ஏ1 ஆகியவை சேருமிடம் 4-ஆம் எண் கம்பி, ஏ2 நியூட்ரலுக்கு. பட்டன்கள் பேனல் கதவில் இருப்பதால், கதவுக்குப் போகும் கன்ட்ரோல் கம்பிகள் 2, 3, 4 ஆகிய மூன்று மட்டுமே. இதை வயரிங் செய்யும்போது உங்கள் கை தினமும் செய்கிறது. அதே செய்தி டெர்மினல் பட்டியலிலும், பொருள் பட்டியலிலும், ஃபெரூல் எண்களிலும் பிழையின்றி வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால், மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் தொடக்கிப் பிறகு முழு மின்னழுத்தத்துக்கு மாற்றும் ஸ்டார் டெல்டாவுக்குப் போகலாம்.

பெரம்பூர்_வரைவாளர் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் ஆர்டரில் டி.டபிள்யூ.ஜி. கோப்பு கேட்டிருக்கிறார்கள் என்பதை நண்பர் கவனிக்காமல் போய்விட்டார். க்யூஎலெக்ட்ரோடெக்கிலிருந்து டி.எக்ஸ்.எஃப். (மென்பொருள்களிடையே வரைபடத்தைக் கொண்டுசெல்லும் வடிவம்) கோப்பாக வெளியே எடுக்கலாம். அதை ஆட்டோகேடில் திறந்து டி.டபிள்யூ.ஜி. ஆகச் சேமிக்கவும் செய்யலாம். ஆனால் அங்கே போய்ச் சேர்பவை உயிரற்ற கோடுகளும் எழுத்துகளும்தான். வாடிக்கையாளர் நாளை அதில் ஒரு ரிலேயைச் சேர்க்க விரும்பினால், காயிலுக்கும் கான்டாக்டுக்கும் இருந்த உறவு எதுவும் அங்கே இருக்காது.

நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலான பராமரிப்புப் பிரிவுகள் ஆட்டோகேடில்தான் புழங்குகின்றன. அதன் மின்சுற்றுப் பிரிவான ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் இப்போது தனியாக விற்கப்படுவதில்லை; 2019 பதிப்பிலிருந்து முழு ஆட்டோகேட் சந்தாவுடனேயே அது சேர்ந்து வருகிறது. குறைந்த வசதிகள் கொண்ட எல்.டி. பதிப்பில் மட்டும் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு மின்சுற்றுப் பிரிவைத் தேடி அலைபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் 8 ஜி.பி. நினைவகத்தில் அதை ஓட்டலாம் என்றாலும், அது குறைந்தபட்சத் தேவை என்பதால் மெதுவாகத்தான் ஓடும்.

பயிற்சி நிலையத்தில் சொன்னதைப் பற்றி: ஆட்டோகேட் முழுவதையும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது சரியன்று. முப்பரிமாணமும் கட்டட வரைவும் உங்களுக்கு எதற்கு? கோடு, நகர்த்தல், நகலெடுத்தல், லேயர், பிளாக் (ஒரே பொருளாகச் சேமித்த குறியீடு), பிளாக்குக்குள் இருக்கும் அட்ரிபியூட் (அதனோடு வரும் பெயர், எண் போன்ற தகவல்), அச்செடுக்கும் லேஅவுட், இவை தெரிந்தால் எலெக்ட்ரிக்கல் பிரிவுக்குள் நுழைந்துவிடலாம். அட்ரிபியூட்டை மட்டும் ஊன்றிப் படியுங்கள். அதன் மேல்தான் அந்தப் பிரிவே நிற்கிறது. தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆட்டோகேடை உருவாக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதை வைத்துப் பட்டறை வேலையைச் செய்யக் கூடாது. பென்டிரைவில் கைமாறும் திருட்டுப் பதிப்புகளையும் தொடாதீர்கள். வாடிக்கையாளருக்குக் கோப்பு அனுப்பும் தொழிலில் அது முதலாளியை மாட்டிவிடும்.

எண்ணூர்_பராமரிப்பு எழுதியது:

நான் வரைபவன் அல்லன். நீங்கள் வரைந்து அனுப்புவதை இரவு நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் படிப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

காசிமேடு பக்கம் ஐஸ் தொழிற்சாலைப் பேனல் ஒன்றைத் திறந்து பார்த்தால், கதவின் உட்புறப் பையில் நான்காய் மடித்த டிராயிங் ஒன்று இருக்கும். உப்புக் காற்றில் மடிப்புகள் கிழிந்து, மை பரவி, யாரோ ஒருவர் நீல பேனாவால் ஒரு டைமரை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொன்றை வரைந்திருப்பார். தாளில் 17 என்று இருக்கும் கம்பி பேனலில் 23 என்ற ஃபெரூலோடு இருக்கும். கம்ப்ரசர் நின்றுவிட்ட நேரத்தில் இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே நெடுநேரம் ஆகும். எந்த மென்பொருளில் வரைந்தீர்கள் என்று அப்போது யாரும் கேட்பதில்லை.

எனவே, தம்பி, மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் எண் வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு கேபிளுக்கும் டெர்மினல் எண் வேண்டும். ஒரு தாளில் முடிந்து இன்னொரு தாளில் தொடரும் கம்பிக்கு, அது எந்தத் தாளின் எந்தக் கட்டத்தில் தொடர்கிறது என்ற குறிப்பு வேண்டும். 4.6 என்று அம்புக்குறியின் பக்கத்தில் போட்டிருந்தால் நான்காம் தாளின் ஆறாம் கட்டம் என்று நேராகப் போய்விடுவேன். வயரிங் முடிந்து சோதனையில் செய்த மாற்றங்களையும் கோப்பில் ஏற்றி, திருத்த எண்ணையும் தேதியையும் தலைப்புக் கட்டத்தில் மாற்றிய பிறகே அச்செடுத்துக் கதவில் வையுங்கள். டிராயிங்கை ஏ3 தாளில் எடுங்கள். ஏ4-இல் சுருக்கினால் கான்டாக்ட் எண்களைப் படிக்க முடியாது.

தண்டையார்பேட்டை_வயரிங் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. முதலாளியிடம் பேசினேன். முதலில் இலவச மென்பொருளில் பழகிக்கொள்ளும்படியும், ஆர்டர்கள் தொடர்ந்து வந்தால் சந்தா வாங்குவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னபடி டி.ஓ.எல். ஸ்டார்ட்டரை வரைந்தேன். இரண்டு இடங்களில் நிற்கிறேன். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக கே1-இன் கான்டாக்டைப் போட்டு, மேலிருந்து கீழே போகும் கம்பியின் நடுவில் கோடு இழுத்துச் சேர்த்தேன். பார்வைக்குச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அதற்குக் கம்பி எண் வரவில்லை. அடுத்ததாக, காயிலுக்குக் கீழே கான்டாக்டுகளின் இடக்குறிப்பு தானாக வரும் என்றீர்கள். எனக்கு எதுவும் வரவில்லை.

மாதவரம்_பேனல் எழுதியது:

நீங்கள் இழுத்தது கம்பி அன்று, தம்பி. வடிவங்கள் வரைவதற்கான சாதாரணக் கோடு. இந்த மென்பொருளில் கம்பி என்பது ஒரு குறியீட்டின் முனையில் மவுஸை அழுத்திப் பிடித்து இன்னொரு குறியீட்டின் முனையில் விடும்போதுதான் பிறக்கிறது. கம்பியின் நடுவில் இன்னொரு கம்பியை ஒட்ட இயலாது. ஸ்டார்ட் பட்டனின் 13-இலிருந்தே இரண்டாவது கம்பியை இழுத்து கே1-இன் 13-இல் விடுங்கள். யோசித்துப் பார்த்தால் பேனலுக்குள் நீங்கள் செய்வதும் அதுதான்: கம்பியின் நடுவில் தோலை உரித்து யாரும் இணைப்பதில்லை, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு லூப் செய்கிறோம். அப்படி இழுத்தவுடன் இரண்டும் ஒரே மின்னழுத்தப் புள்ளி என்று மென்பொருள் புரிந்துகொண்டு, ஒன்றுக்குக் கொடுத்த எண்ணை மற்றதற்கும் கொடுக்கும்.

இடக்குறிப்பு வராததற்குக் காரணம், காயிலையும் கான்டாக்டையும் நீங்கள் இன்னும் இணைக்கவில்லை. இரண்டுக்கும் கே1 என்று பெயர் தட்டச்சு செய்தால் மட்டும் போதாது. கான்டாக்டின் மேல் இருமுறை சொடுக்கினால் அந்தத் திட்டத்தில் உள்ள காயில்களின் பட்டியல் வரும். அதில் கே1-ஐத் தேர்ந்தெடுத்து இணையுங்கள். அப்படி ஒரு பட்டியலே வரவில்லை என்றால், நூலகத்திலிருந்து நீங்கள் எடுத்த குறியீடு சார்புநிலைக் கான்டாக்டாக இல்லாமல், தனித்த குறியீடாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வேறு குறியீட்டை எடுங்கள், அல்லது குறியீட்டுத் தொகுப்பானைத் திறந்து அதன் வகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டார் டெல்டாவுக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: மென்பொருள் இணைப்பைக் காக்குமே தவிர, மதிப்பைச் சரிபார்க்காது. 415 வோல்ட்டில் 15 கிலோவாட் மோட்டார் ஏறத்தாழ 28 ஆம்பியர் எடுக்கும் என்றால், முதன்மைக் கான்டாக்டரை அடுத்து வைண்டிங்கோடு தொடரில் இருக்கும் ஓவர்லோடு ரிலேயை அதன் 58 விழுக்காட்டில், அதாவது 16 ஆம்பியர் அளவில் அமைக்க வேண்டும். அந்த அமைப்பு மதிப்பை டிராயிங்கில் ரிலேயின் பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒன்றின் 21-22 (சாதாரண நிலையில் மூடியிருக்கும் கான்டாக்ட்) வழியாக மற்றொன்றின் காயிலுக்கு மின்சாரம் போகும்படி இன்டர்லாக் (இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காதபடி தடை) செய்வதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை மறந்தாலும் மென்பொருள் வாய் திறக்காது.

திருவொற்றியூர்_ஏற்றுமதி எழுதியது:

தாமதமாகச் சேர்ந்துகொள்கிறேன். நாங்கள் வெளிநாட்டு இயந்திரங்களுக்குப் பேனல் செய்வதால் ஈப்ளான் என்ற மின்சுற்று வரைவு மென்பொருளில் வரைகிறோம். அதன் விலைக்கும் அது கேட்கும் ஒழுங்குக்கும் சிறு பட்டறை இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம். ஆனால் ஐ.இ.சி. 81346 முறையில் பெயரிடுவதை இன்றே பழகிக்கொள்ளலாம்: சமக்குறி எந்தப் பணிக்கு என்றும், கூட்டல் குறி எந்த இடத்தில் என்றும், கழித்தல் குறி எந்தப் பொருள் என்றும் சொல்லும். எந்த மென்பொருளுக்கு மாறினாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும்.

கம்பி நிறத்தை வரைபடத்தில் எழுதும்போது கவனமாக இருங்கள். நம் ஊர் வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ்கள், கறுப்பு நியூட்ரல். இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரத்திலோ வெளிர் நீலம் நியூட்ரல், பவர் சுற்றுக் கம்பிகள் கறுப்பு, ஏ.சி. கன்ட்ரோல் சிவப்பு, டி.சி. கன்ட்ரோல் நீலம். நூலகத்தில் உள்ள மாதிரித் திட்டத்தை அப்படியே நகலெடுத்தால் அதிலுள்ள நிறங்களும் சேர்ந்து வந்துவிடும். இங்கே நீலத்தைப் பார்ப்பவர் ஃபேஸ் என்று நினைப்பார், அங்கே நியூட்ரல் என்று நினைப்பார். எந்த வழக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை, மணலி வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, முதல் தாளிலேயே ஓர் அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். டி.டபிள்யூ.ஜி. கோப்பை அவர்கள் திருத்துவதற்காகக் கேட்கிறார்களா, ஆவணமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஆவணத்துக்கு மட்டும்தான் என்றால், டி.எக்ஸ்.எஃப். வழியாக மாற்றிய கோப்பே இந்த ஆர்டருக்குப் போதும்.