மலைப்பாதையில் கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு: குடும்பக் குழுவில் பேசியது

கார்த்திக்: சித்தப்பா, சனிக்கிழமை அம்மா அப்பாவுடன் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குப் புறப்படுகிறோம். சென்ற முறை குன்னூருக்கு முன்பு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளோ நடுவிலேயே நின்றது. இது ஏன்?

ராஜு சித்தப்பா: உன் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது, கார்த்திக். அதற்குள் எஞ்சின் பக்கச் சக்கரம் ஆயிலைச் சுழற்றித் தள்ள, அந்த விசையால்தான் கியர்பாக்ஸ் பக்கச் சக்கரம் சுழல்கிறது. சமவெளியில் வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பிணைத்துவிடும். ஏற்றத்தில் ஊரும்போது அது பிணைக்காததால், இரு சக்கரங்களின் வேக வேறுபாடு சூடாக மாறி ஆயிலில் சேர்கிறது. குன்னூர் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற வேண்டும். மெதுவாகப் போவதால், ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குக் காற்றும் குறைவு. வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஆயில், 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடத் தொடங்கும்.

மாலதி அக்கா: என்னுடையது ஏஎம்டி, அதாவது கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ். எனக்கும் இந்தக் கவலை உண்டா, சித்தப்பா?

ராஜு சித்தப்பா: இல்லை, மாலதி, அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி வண்டியை நிறுத்திவைத்தால் உன் கிளட்ச் தேயும், இவனுடைய ஆயில் கொதிக்கும். இருவரும் பிரேக்கைப் பிடித்தே நில்லுங்கள்.

கார்த்திக்: ஏறும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

ராஜு சித்தப்பா: மேனுவல் முறைக்கு மாற்றி, முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே ஏறு, எஞ்சின் சற்று இரைந்தாலும் கன்வெர்ட்டரின் சுமை குறையும். மீண்டும் எச்சரிக்கை வந்தால், அகலமான இடத்தில் ஓரங்கட்டி, பி-யில் (பார்க்கிங் நிலையில்) போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை அணைக்காமல் ஓடவிடு. ஆயில் பம்ப்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. அணைத்தால் கூலருக்கு ஆயில் போவதே நின்றுவிடும். பலர் பதற்றத்தில் சாவியைத் திருப்பிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

பெரியப்பா: தம்பி, தனியாக ஒரு கூலர் பொருத்திவிட்டால் என்ன?

ராஜு சித்தப்பா: அடிக்கடி மலையேறுபவர்களுக்கு நல்லதுதான், அண்ணா. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைக் கடந்து வரும் ஆயில் அடுத்துப் புதிய கூலருக்குள் போகும்படி இணைப்பதே வழக்கம். கார்த்திக், நீ முதலில் மெக்கானிக்கிடம் ஆயிலைப் பார்க்கச் சொல். கருத்துக் கருகிய வாடை அடித்தால் மாற்றிவிடு. பால் கலந்ததுபோல் தெரிந்தால் ரேடியேட்டரில் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் உள்ளே கசிந்திருக்கக்கூடும். அது கிளட்ச் தகடுகளையே கெடுத்துவிடும் என்பதால், வண்டியை எடுக்கவே கூடாது.

கார்த்திக்: நாளைக் காலையே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன், சித்தப்பா.