நாகர்கோவில் ரயில் முக்கோணத்தை ஓ (O) அளவு மாதிரி ரயிலாக அமைத்து ஓட்டியவர்களின் அனுபவங்கள்

ஒழுகினசேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் மாதிரி ரயில் பாதையைப் பார்க்க வருகிறவர்களை நான் முதலில் முக்கோணத்தின் முன்னால்தான் நிறுத்துவேன். 1979-இல் திறந்த திருவனந்தபுரம் பாதையும் 1981-இல் திறந்த திருநெல்வேலிப் பாதையும் நாகர்கோவில் சந்திப்பின் ஒரே முனையில் வந்து சேர்கின்றன. கன்னியாகுமரிப் பாதை மறு முனையிலிருந்து புறப்படுகிறது. ஆகவே திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டி சந்திப்புக்குள் நுழைந்தால், இன்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டிய பிறகே புறப்பட முடியும். அவ்வாறு நுழையாமல் நாகர்கோவில் டவுன் நிலையம் வழியாகவே கடந்து செல்ல மூன்றாவது ஓர் இணைப்பும் உண்டு. இந்த மூன்று கரங்களையும் மாடியறையில் அமைத்து, டீசல் இன்ஜின்கள் ஓடிய காலத்தை நண்பர்கள் சேர்ந்து இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பமாக இருந்தது.

அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதிரி ரயில்களின் அளவுகளில் ஒன்றான ஓ அளவில் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் 1:48 என்ற விகிதத்தில் செய்வதால், அந்த இடைவெளி அவர்களுடைய நான்கடி எட்டரை அங்குலப் பாதைக்குச் சற்று அகலமாகவும், ஐந்தடிக்குச் சமமாகவும் அமைந்துவிடுகிறது. அங்கே நுணுக்கம் பார்ப்பவர்கள் இதைப் பெரிய குறையாகக் கருதுகிறார்கள். நம்முடைய அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர்; அதை 48-ஆல் வகுத்தால் 34.9 வருகிறது. அவர்களுக்குக் குறையாகப் போனது நமக்கு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. ஆயத்தமாக விற்கும் சக்கரங்களையும், வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்டுகளையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டு இந்திய வண்டியைச் செய்ய முடியும் என்பதை உணர்ந்த நாளில் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. டபிள்யூ.டி.எம்.-2 என்ற இந்திய டீசல் இன்ஜின் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு என்பதால், பழைய ஆல்கோ மாதிரி ஒன்றின் மூன்றச்சு போகிகளின் (சக்கரச் சட்டங்களின்) மேல், முப்பரிமாண அச்சில் எடுத்த உடலைப் பொருத்தினோம். மாதிரியில் அதன் நீளம் சுமார் 36 சென்டிமீட்டர். கையில் எடுக்கும்போது அதன் கனம் தெரியும். ஓ அளவின் இன்பமே அந்தக் கனத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மின்னிணைப்பில் முக்கோணம் தனிப் பாடம். இரண்டு தண்டவாள முறையில் ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. முக்கோணத்தின் கரங்களைச் சுற்றிவந்து சேருமிடத்தில் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொடுவதால் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே ஒரு கரத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் அறுத்துத் தனிப்படுத்தி, அதற்குத் தானாக மின்முனை மாற்றும் கருவி ஒன்றைக் கொடுக்க வேண்டும். சக்கரம் இடைவெளியைக் கடக்கும் நொடிக்குள்ளாகவே அது மின்முனையை மாற்றிவிடுவதால், வண்டி தயங்குவதுகூட இல்லை. நாங்கள் தனிப்படுத்தியது டவுன் வழியாகச் செல்லும் கரத்தை. அந்தக் கரம் மிக நீளமான வண்டியைவிடவும் நீளமாக இருந்தாக வேண்டும். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்று 46 சென்டிமீட்டர் என்று கொண்டால், இன்ஜினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து 2.7 மீட்டரைத் தொடுகின்றன. பெட்டிகளில் விளக்கு எரிய வேண்டும் என்று நண்பர்கள் உறுதியாக இருந்ததால், விளக்குக்கு மின்சாரம் எடுக்கும் பெட்டிச் சக்கரங்கள் கரத்தின் இரு எல்லைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடாதபடி கரத்தை மூன்று மீட்டருக்கு மேல் நீட்டினோம். அறையின் அமைப்பையே அந்த ஒரு கணக்குத்தான் தீர்மானித்தது.

குளச்சலிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஒழுகினசேரி அண்ணன் மின்னிணைப்பைப் பற்றி எழுதிவிட்டார்; மரவேலையும் காட்சியமைப்பும் என் பொறுப்பு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன. அதனால் சட்டங்களுக்கு மருந்தூட்டிய ரப்பர் மரத்தையும், மேற்பலகைக்கு மரைன் பிளைவுட்டையும் தேர்ந்தெடுத்து, அறுத்த ஓரங்கள் அனைத்திலும் வார்னிஷ் பூசினோம். மாடியறையில் வெயிலும் கடுமை. ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வேறுபாட்டில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும்; இணைப்புகளில் அதற்கு இடம் விட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வண்டி ஓட்டும் நாள்தோறும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைத்தே தீர வேண்டும்.

இருபது மீட்டர் தென்னை 1:48-இல் 42 சென்டிமீட்டர் உயரம் வருகிறது. இன்ஜினின் நீளத்தைவிட அது அதிகம் என்பதை நட்டு வைத்த பிறகுதான் நண்பர்கள் நம்பினார்கள். தேங்காய் நாரைத் திரித்து அடிமரம் செய்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளை மட்டும் உருவமாக வைக்க முடியவில்லை. ஐம்பது மீட்டர்த் தூண் ஒன்றே மாதிரியில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், மலையோடு சேர்த்து அவற்றைப் பின்திரையில் வரைந்திருக்கிறேன். அந்த முடிவு எனக்கு முழு நிறைவைத் தருகிறது. கணவாயில் நின்று பார்த்தாலும் அவை தொலைவில்தானே தெரிகின்றன.

தக்கலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அமைப்பதைப் பற்றி இருவரும் எழுதியதால், இயக்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆரம்பத்தில் ஆளுக்கொரு வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதோடு சரி. ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி ஒருவர் ஒருநாள் வந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அடுத்த ஸ்டேஷன்ல லைன் கிளியர் கேக்காம வண்டியை எப்படி அனுப்புனீங்க?" என்று கேட்டார். லைன் கிளியர் என்பது வண்டியை ஏற்றுக்கொள்ள அடுத்த நிலையம் தரும் சம்மதம். எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலையே அவர் முழு முறையையும் விளக்கிக் கொடுத்தார்.

ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மேல் இருக்கலாகாது. அதை உறுதிப்படுத்த நம் நாட்டில் நெடுங்காலம் பயன்பட்டது நீல் (Neale) என்பவரின் பெயரால் அழைக்கப்படும் பந்து டோக்கன் கருவி. அடுத்த நிலையம் சம்மதித்தால்தான் பந்து வெளியே வரும், பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் நகரக் கூடாது. நாங்கள் மரப்பந்துகளைக் கடைந்து, பிரிவுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது இரணியல், டவுன், சந்திப்பு, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி என ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒருவர் அமர்கிறார். வண்டி ஓட்டுபவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியோடு நடக்கிறார்கள். வேகத்தையும் அந்த அதிகாரியே திருத்தினார். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது 1:48-இல் நொடிக்கு 23 சென்டிமீட்டர்தான். அந்த வேகத்தில் ஓட்டினால்தான் வண்டியின் பாரம் கண்ணுக்குத் தெரிகிறது.

சந்திப்பில் இன்ஜின் மாற்றும் வேளையில்தான் வேலை கூடுகிறது. கழற்றிய இன்ஜின் பக்கத்துப் பாதை வழியாக மறு முனைக்குப் போய்ச் சேர்வதற்குள், கன்னியாகுமரியிலிருந்து வரும் வண்டிக்கு லைன் கிளியர் கேட்டு மணி அடிக்கும். கொடுத்தால் எந்தப் பாதையில் வாங்குவது என்பதை அங்கே அமர்ந்திருப்பவர் உடனே முடிவு செய்ய வேண்டும். திருநெல்வேலி வண்டிகள் சில ஏன் டவுன் வழியாகவே போய்விடுகின்றன என்பதை அந்த நாற்காலியில் ஒருமுறை அமர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சேர விரும்புகிறவர்கள் முதலில் ஆரல்வாய்மொழியில் அமரலாம். அங்கே நெருக்கடி குறைவு. நிலையங்கள் தங்களுக்குள் சொல்வதை உறுதிப்படுத்தப் பிரைவேட் நம்பர் எனும் தனி எண்களை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அந்தப் பெரியவர் கட்டாயமாக்கியிருக்கிறார். அதற்கான தாள்களை அவரே கையால் எழுதித் தைத்துத் தந்திருப்பதால், வருகிறவர்கள் ஒரு பேனா மட்டும் கொண்டுவந்தால் போதும்.