நாளைக்குச் சனிக்கிழமை, அவளுக்கு என்ன பதில் எழுத?

அம்பாசமுத்திரம் தம்பி: அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அவசரம். இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நேற்று 'டியர், ஹேவ் யூ டேக்கன் யுவர் லஞ்ச்? ஐ வுட் லைக் டு நோ யூ பெட்டர். கைண்ட்லி ரிப்ளை' என்று அனுப்பினேன். 'ஹா ஹா, வெரி ஃபார்மல்! ஃப்ரீ சாட்டர்டே ஆஃப்டர் மை டீ' என்று பதில் வந்திருக்கிறது, கடைசியில் தனியாக ஒரு எக்ஸ் எழுத்து. கேலியா, சம்மதமா? டீ குடிக்கக் கூப்பிடுகிறாளா? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

நாங்குநேரி அண்ணாச்சி: தம்பி, முதலில் படிப்பைப் பாரு. நான் வந்த புதிதில் ஒரே வீட்டில் ஆறு பேர், ஹீட்டர் போடக் காசு கிடையாது, அம்மா கொடுத்துவிட்ட அல்வாவில் நெய் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும், அதைக் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டு வேலைக்கு ஓடுவேன். பெண்ணுக்கு மெசேஜ் போட நேரம் ஏது?

கடையநல்லூர் பையன்: மரியாதையாக எழுதினதில் தப்பே இல்லை. என் மெயிலை எங்கள் மேனேஜரே பாராட்டியிருக்கிறார்.

பாளை அக்கா: ஆபீஸ் மெயில் வேறு, இது வேறு. 'கைண்ட்லி' வந்தாலே பேங்க் கடிதம் மாதிரி ஆகிவிடும். பழகாத பெண்ணை 'டியர்' என்றால் பணம் பறிக்கிற மோசடி மெசேஜ்தான் ஞாபகம் வரும். சாப்பிட்டியா என்று கேட்பது நமக்குப் பிரியம், அவர்களுக்கு அது புரியாது. 'ஹவ்ஸ் யுவர் டே பீன்?' என்று கேள்.

நாங்குநேரி அண்ணாச்சி: இங்கே பிரியம் எங்கே இருக்கிறது? டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஆறு வருஷமாக மழையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

கடையநல்லூர் பையன்: வாடகை அட்வான்ஸைத் திருப்பி வாங்க நான் பட்ட பாடு இருக்கே அண்ணாச்சி...

பாளை அக்கா: அதை அப்புறம் பேசுவோம், இவனுக்கு நாளைக்குச் சனிக்கிழமை. தம்பி, எந்த ஊரில் இருக்கிறாய்? அதைச் சொல்லவே இல்லையே.

அம்பாசமுத்திரம் தம்பி: ஷெஃபீல்ட் அக்கா.

பாளை அக்கா: அப்படிச் சொல்லு. வட இங்கிலாந்தில் நிறையப் பேருக்கு 'டீ' என்றால் ராச்சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள், கேலி இல்லை. எக்ஸ் முத்தம்தான், ஆனால் தோழிக்கும் தங்கச்சிக்கும்கூடப் போடுவார்கள், அதை வைத்து மனக்கோட்டை கட்டாதே. அந்த நேரத்துக்குக் காபிக் கடை பெரும்பாலும் அடைத்திருக்கும். 'சாட்டர்டேஸ் கிரேட். ஃபேன்ஸி எ ட்ரிங்க்?' அவ்வளவுதான் அனுப்பு. ட்ரிங்க் என்றதும் பயப்படாதே, பப்பில் லைம் அண்ட் சோடா கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். 'மேபி, ஐ'ல் லெட் யூ நோ' என்று வந்தால் அநேகமாக விருப்பம் இல்லை என்று அர்த்தம், மறுபடி கேட்காதே.

அம்பாசமுத்திரம் தம்பி: அனுப்பிவிட்டேன். 'லவ்லி, ஹாஃப் சிக்ஸ்?' என்று வந்திருக்கிறது. அஞ்சரையா, ஆறரையா?

பாளை அக்கா: ஆறரை. குடை எடுத்துக்கொண்டு போ.